இரும்பு அலமாரியில் நம் கதைகள்

எங்கள் பங்கு நூலகத்தில் இரண்டு அலமாரிகள் உண்டு. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் புனிதர் வரலாறுகள், விவிலிய விளக்கங்கள், செபநூல்கள், சிறுவர் கதைகள், கல்கி, அகிலன், நா. பார்த்தசாரதி ஆகியோரின் புதினங்கள். மற்றது இரும்பு அலமாரி. அதன் சாவி பொறுப்பாளரின் சட்டைப் பையில் இருக்கும். நன்கொடையாக வந்த நூல்களுள், 'பார்த்துக் கொடுக்க வேண்டியவை' என்று நூலகக் குழு ஒதுக்கியவை அதனுள் கிடக்கின்றன. சென்ற தவக்காலத்தில், செவிலியர் பயிற்சியில் இருக்கும் ஓர் இளம்பெண் வந்து, "பாமா எழுதிய கருக்கு இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டார். இருந்தது, இரும்பு அலமாரியில். "அது உனக்கு வேண்டாம்மா, மனசைக் கெடுக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒரு புனிதையின் வரலாற்றை எடுத்து நீட்டினார் பொறுப்பாளர். அப்பெண் நன்றி சொல்லி வாங்கிச் சென்றார். குழு உறுப்பினனாகிய நான் அருகிலேதான் அமர்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்திற்குக் கழுவாயாகவே இதை எழுதுகிறேன்.

'கருக்கு' வெளிவந்தது 1992இல். தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, துறவற சபையில் சேர்ந்து, பின் அதிலிருந்து வெளியேறிய ஒரு பெண்ணின் தன்வரலாற்றுப் புதினம் அது. ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, பல பல்கலைக்கழகங்களில் பாடமாகி, முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நாம் மட்டும் அதை, 'இப்போது வருகிற ஒருமாதிரியான புத்தகங்களுள் ஒன்று' என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். புதிய புதினங்களை வாசகர்க்குப் பரிந்துரைக்கலாமா என்ற விவாதத்தையே இன்னும் முடிக்காத நமக்கு, அவை பழையவை ஆகிக்கொண்டிருப்பது கூடத் தெரியவில்லை.

புதினம் விசுவாசத்தைக் குலைக்கும் என்பது பழைய அச்சம். விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றைத் திருச்சபை நானூறு ஆண்டுகள் வைத்திருந்தது. சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்த விக்தர் யூகோவின் புதினமும் அதில் இடம்பெற்றிருந்தது. திருடனான கதைநாயகனை மனிதனாக்குபவர் ஓர் ஆயர் என்பதை அந்நூலைப் படித்தவர் அறிவர். படிக்காதவர்க்கு அது விலக்கப்பட்ட நூல், அவ்வளவே. 1966இல் அந்தப் பட்டியலின் சட்ட வலிமையை உரோமையே நீக்கிவிட்டது. உரோமை கைவிட்டதை நம் பங்கின் இரும்பு அலமாரி கட்டிக் காக்கிறது!

இதில் வேதனை தருவது வேறொன்று. நாம் பூட்டி வைத்திருப்பவை அயலார் கதைகள் அல்ல. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. அதன் நாயகி பெயர் ஆரோக்கியம், கணவன் சவுரி. தலித் மக்களின் துணியை வெளுத்து, தானியத்தையும் எடுப்புச் சோற்றையும் கூலியாகப் பெறுகிற வண்ணார் குடும்பம். ஒடுக்கப்பட்டோர்க்கும் கீழே ஒடுக்கப்பட்ட அந்தப் பெண், அந்தோணியாரையும் மாதாவையும் கூப்பிட்டபடியே மாரடித்து அழுகிறாள். அவளுடைய செபம் நம்முடைய செபம். அவளை எந்தத் திருவிழாவில் எந்த வரிசையில் நிறுத்தினோம் என்ற கேள்வியும் நம்முடையதே.

ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தது. ஆமந்துறை என்னும் ஊரின் பரதவர் வாழ்வு, மூன்று தலைமுறைக்கு அதில் விரிகிறது. கட்டுமரம், வலை, கடலில் சாவு, பொறாமை, ஊர்ச்சண்டை, கோயில் எல்லாம் உண்டு. மீறிய உறவுகளும் வசவுகளும் உண்டு, மறைப்பானேன்? அந்த ஊருக்குள்தான் காகு சாமியார் என்றொரு குருவும் வருகிறார். அவரைப் போல மனத்தில் நின்ற ஒரு குருவை நான் எந்த மறையுரைத் தொகுப்பிலும் சந்தித்ததில்லை. நூலுக்குத் தடை சொன்னவர்களுள் எத்தனை பேர் அவரைச் சந்தித்தனர் என்று குழுவில் ஒருமுறை கேட்டேன். ஒருவருமில்லை. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியதே இந்தக் கடற்கரை மக்களின் பொருட்டுத்தான். அம்மக்களுள் ஒருவர் தம் கதையைத் தாமே எழுதியபோது, அதற்கு நாம் தந்தது பூட்டு.

பூட்டுவோரைச் சாடும் வேளையில் மறுதரப்பாரையும் விட்டுவிட இயலாது. குழுவில் இளைஞர் ஒருவர், சாகித்திய அகாதெமி விருது பெற்றவற்றை ஆண்டுதோறும் வாங்கிச் சுவரில் பட்டியல் ஒட்டினால் போதும் என்கிறார். விருதுநூல்களை வாங்குவது நல்லதுதான். ஆனால் பட்டியல் ஒட்டுவது பரிந்துரை ஆகாது. நூலுக்கு உரிய வாசகரைத் தேடித் தருவதும் நூலகத்தின் கடமை என்பதை, நூலகவியலின் தந்தை எனப்படும் நம் சீர்காழி இரங்கநாதன் 1931இலேயே விதியாக வகுத்துவிட்டார். அதற்கு நூலையும் தெரிந்திருக்க வேண்டும், எதிரே நிற்கும் ஆளையும் தெரிந்திருக்க வேண்டும். இமையத்தின் 'செல்லாத பணம்' 2020ஆம் ஆண்டுக்கான விருது பெற்றது. பொறியியல் படித்த மகள், பெற்றோர் விருப்பத்தை மீறி ஆட்டோ ஓட்டுநரை மணந்தவள், தீயில் வெந்து புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். பணத்தோடு வந்து நிற்கிற தந்தைக்கு அந்தப் பணத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு இதை நீட்டச் சொல்லவில்லை. அண்மையில் மகளை இழந்த தாய்க்கும் நீட்டமாட்டேன். தீக்காயப் பிரிவில் நாளை பணிசெய்யப் போகும் செவிலியர் மாணவி ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான நூல் எது? விருதுப் பட்டியலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. சாவிக்கும் தெரியாது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலையில், இலக்கிய வாசிப்பின் இன்றியமையாமை பற்றி ஒரு மடலே எழுதினார். குருமாணவர்க்கென்று தொடங்கிப் பின் அனைவர்க்கும் விரித்த மடல் அது. அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகர்ப் பள்ளியில் 1964, 65ஆம் ஆண்டுகளில் இலக்கியம் கற்பித்ததை அதில் அவரே நினைவுகூர்கிறார். பாடத்திட்டத்தில் இருந்தது பழங்காப்பியமான 'எல் சிட்'. மாணவர்களோ தம் காலத்துக் கவிஞரான கார்சியா லோர்காவைக் கேட்டனர். அவர் காப்பியத்தை வீட்டில் படிக்கச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய படைப்பாளிகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் வழியே சுவை வளர்ந்து, அவர்கள் பிற நூல்களுக்கும் சென்றனராம். அவருக்கு அப்போது வயது இருபத்தெட்டு. நம் குழுவில் அவர் இருந்திருந்தால் என்ன தீர்மானம் போட்டிருப்போம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

தமிழின் முதல் புதினமான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சானபோது, அந்த இலக்கிய வகையே இங்குப் புதிது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர். அது கண்ணாடி அலமாரியில் பெருமையுடன் நிற்கிறது. அதைப் போன மாதம் புரட்டிய நான், அதற்குமுன் யாரும் எடுத்ததாகப் பதிவேட்டில் காணவில்லை.

வரும் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை வைக்கப்போகிறேன். இரும்பு அலமாரியின் சாவி மேசைமேல் இருக்க வேண்டும். எந்த நூலையும் வேண்டாம் என்பவர், அதை முழுதும் படித்துவிட்டு, காரணத்தைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு எழுத வேண்டும். தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நூலை நான் படித்து முடித்துவிட்டேன். கொங்கு நாட்டுக் குடிநாவிதர் வாழ்வைச் சொல்லும் அதை எவரெவர்க்குத் தரலாம் என ஐந்து பெயர்கள் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று நம் பங்குத்தந்தையின் பெயர். தீர்மானம் தோற்றாலும், அந்தச் செவிலியர் மாணவி அடுத்த ஞாயிறு புனிதையின் வரலாற்றைத் திருப்பித் தர வருவார். என் சொந்தப் பிரதியான 'கருக்கு' அன்று என் பையில் இருக்கும்.