சொக்கர் லென்சும் அப்பம்மாவின் செவ்வரத்தையும்

உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒன்று கிடக்கும். பிள்ளை சொக்கர் விளையாடத் தொடங்கின வருசம், மைதானத்தின் அந்தப் பக்கத்தில் ஓடுற பிள்ளையைக் கிட்டத்தில் பிடிக்கலாம் என்று வாங்கின 70–300 மில்லிமீற்றர் லென்ஸ். இரண்டு சீசனில் பிள்ளை சொக்கரை விட்டு நீச்சலுக்குப் போய்விடும். லென்ஸ் பெட்டிக்குள் போய்விடும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

போன கோடையில் அதைத் திரும்ப வெளியில் எடுத்தேன். காரணம் அம்மாவின் செவ்வரத்தை. (தமிழ்நாட்டு நண்பர்கள் செம்பருத்தி என்பார்கள். மகள் இரண்டையும் விட்டுவிட்டு ஹைபிஸ்கஸ் என்பாள்.) ஊர்ச் செவ்வரத்தை யூனியன்வில் பனியைத் தாங்காது. அதனால் சாடியில்தான் வாழ்க்கை: மே மாதம் விக்டோரியா டே கழிய வெளியில், செப்டெம்பர் கடைசியில் உள்ளே. பூ நிற்பதோ ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளிலும் காலை ஏழு மணிக்கு அம்மா பறித்துச் சாமிப்படத்துக்கு வைத்துவிடுவா. ஆக, ஆறுக்கும் ஏழுக்கும் இடையில்தான் எனக்கு நேரம். அந்த நேரம் காற்றும் குறைவு, வெயிலும் கண்ணைக் குத்தாது என்பது பிறகுதான் விளங்கியது.

பூவுக்கு மக்ரோ லென்ஸ்தான் வேணும் என்று எல்லாரும் சொல்லுவார்கள். எறும்பின் காலை எடுக்கப் போறீங்கள் என்றால் சரி. ஒரு முழுப் பூவுக்கு அது தேவையில்லை. பழைய 70–300 லென்சுகள் பலவும் ஒன்றரை மீற்றர் கிட்ட வரைக்கும் போகும். குறைந்த தூரம் எவ்வளவு என்று லென்சின் உடம்பிலேயே எழுதியிருக்கும். அங்கே நின்று 300இல் எடுத்தால் பூ தன் உண்மையான அளவில் காற்பங்காக சென்சரில் விழும். நம்மில் பலரிடம் இருக்கிற சின்ன சென்சர் கமராவின் அகலம் சுமார் 24 மில்லிமீற்றர். நாலால் பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறையப் பத்துச் சென்ரிமீற்றர். ஒரு நல்ல செவ்வரத்தையின் அகலமும் அதுதான்! டூகுட் குளத்தடியில் பறவை எடுக்க வருகிறவர்கள் வைத்திருக்கிற 600 மில்லிமீற்றர்ப் பீரங்கியை இரவல் வாங்காதீர்கள். அவற்றில் பலதுக்கு இரண்டு மீற்றருக்கு மேல் தள்ளி நிற்க வேணும். எங்கட பின்வளவில் அவ்வளவு பின்னுக்குப் போனால் நான் சமையலறைக்குள் நிற்பேன்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. எஃப் 5.6இல் அந்தத் தூரத்தில் கூர்மையாக விழுவது வெறும் நாலைந்து மில்லிமீற்றர் ஆழம். செவ்வரத்தையின் நடுத்தண்டோ விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தண்டின் நுனியைப் பிடித்தால் இதழ் கரையும், இதழைப் பிடித்தால் தண்டு கரையும். எஃப் 11க்குப் போனாலும் ஒன்பது மில்லிமீற்றர்தான். நான் பக்கவாட்டில் நின்று எடுக்கப் பழகினேன். அப்போது தண்டும் ஒரு பக்க இதழும் ஒரே தளத்தில் வரும். ஷட்டர் 500இல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. கை ஆடாவிட்டாலும் பூ ஆடும்.

இந்த லென்சின் உண்மையான வித்தை பின்னணியில். பூவுக்குப் பின்னால் ஆறு மீற்றரில் வேலி இருந்தால், படத்தில் வருவது அதில் அரை மீற்றர் சொச்சம் மட்டும், அதுவும் புகை மாதிரி. நீங்கள் பூவைச் சுற்றி ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தால் பின்னணி நாலு அடி வலப்பக்கம் ஓடும். அப்படி நகர்ந்து நகர்ந்து வேலி, தண்ணிக் குழாய், பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே தள்ளினேன். கடைசியில் பச்சைப் புகைக்குள் ஒரு சிவப்புப் பூ. ஒரு நாற்பது படத்தில் ஒன்று தேறியது. பெருமையோடு அம்மாவிடம் காட்டினேன்.

"வடிவாயிருக்கு தம்பி. எங்க எடுத்தனீ? ஆற்றையேன் வீட்டிலயோ?"

அம்மா நட்ட மரம். அரை மணித்தியாலத்துக்கு முதல் அவ பறித்த பூ. நான் சிரித்தேன், அவ சிரிக்கேல்லை. உள்ளே போய் ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா.

அந்தப் படத்தை எனக்குத் தெரியும். உரும்பிராயில் அம்மம்மா கிணத்தடியில் நிற்கிற படம். 1995 ஒக்டோபர் 30 வலிகாமம் முழுக்க எழும்பி நடந்த இரவில் அம்மம்மா வீட்டு அல்பங்கள் அங்கேயே நின்றுவிட்டன. இது அதற்கு முதலே கடிதத்துக்குள் வைத்து இங்கே அனுப்பினபடியால் தப்பியது. படம் என்று பார்த்தால் சுமார்தான்: அம்மம்மாவின் முகத்தில் நிழல், அடிவானம் சரிவு. ஆனால் மலிவுக் கமரா, எல்லாம் தெரிகிறது. அம்மா விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னா. இது துலா. இது கொடியில காயுறது என்ர பள்ளிக்கூடச் சட்டை. அந்த மூலையில தெரியிற சிவப்புத்தான் எங்கட செவ்வரத்தை. மகள் அப்பம்மாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "துலா எண்டா என்ன?" என்று கேட்டாள். பதில் இருபது நிமிசம் போனது. என் நாற்பதில் தேறின பூவைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அதுக்காக 300ஐ விட்டுவிடவில்லை, அந்தப் பச்சைப் புகை எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் இப்போது பூவை எடுத்து முடிந்ததும் லென்சைத் திருப்பி 70க்குக் கொண்டுவந்து, டெக் படியில் ஏறி, எஃப் 11 வைத்து இன்னொன்று எடுப்பேன். சாடி, குழாய், வேலி, தட்டோடு வாற அம்மா, பல் விளக்காத மகள் எல்லாரும் வர வேணும். அவற்றைத் தொலைபேசியில் விட்டுவைக்காமல் நாலுக்கு ஆறில் அச்செடுக்கிறேன். பின்பக்கத்தில் திகதியும் இடமும் எழுதுவது மகளின் வேலை, தமிழில். செவ்வரத்தைக்கு எந்த ர என்று அப்பம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதுவாள்.

போன கிழமை செப்டெம்பர்ப் படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். சாடியை உள்ளே தூக்குகிற அன்று எடுத்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பார்த்தா.

"பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியை ஏன் சேர்த்து எடுத்தனீ?"

"அது இருக்கட்டும் அம்மா."