ஜகாத் தானமல்ல

எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி தெருவுக்கே தெரியும். ஜகாத் கணக்கு யாருக்கும் தெரியாது. கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என்ற ஐந்து கடமைகளில் நேரடியாகப் பணப்பையைத் திறக்கச் சொல்வது ஜகாத்தான். செல்வம் இறைவனுடையது, நம்மிடம் இருப்பது அமானிதம் (ஒப்படைக்கப்பட்ட பொருள்) என்ற நம்பிக்கை வாயளவில் நிற்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

சேமிப்பு ஏறக்குறைய 11 பவுன் மதிப்பை எட்டி ஒரு சந்திர ஆண்டு கையில் தங்கினால், 2.5 சதவீதம் கொடுத்தாக வேண்டும். அணியும் நகைக்கு ஜகாத் உண்டா? என் பிறந்த வீடு ஷாஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு). வழக்கமாக அணிவதற்கு இல்லை என்பார்கள். புகுந்த வீடு ஹனஃபி, உண்டு என்பார்கள். மாமியார் வளையலைக்கூடக் கழற்றித் தராசில் வைப்பார். (எனக்கு ஷாஃபிதான் வசதி. ஆனால் அவர் முன்னால் யார் சொல்வது?)

ஜகாத் பெறத் தகுதியானோர் எட்டு வகையினர் என்கிறது குர்ஆன். அதில் கடனில் சிக்கியவரும் உண்டு. நாமோ பெருநாளுக்கு முன் வாசலில் வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கு 100 ரூபாய் நீட்டுகிறோம். ஜகாத் ஏழையின் உரிமை. வெயிலில் நின்று வாங்க வேண்டிய பிச்சையல்ல. குழுக்கடன் தவணைக்குத் தவிக்கும் ஒரு பெண்ணின் முழுக் கடனையும் ஜமாஅத் சேர்ந்து அடைக்கட்டும். ஊருக்கு ஒரு பைத்துல்மால் (பொது நிதி) வைத்தால் இது முடியும்.