கைக்குள் அடங்கிய கல்

சென்ற மாசித் திங்களில் ஒருநாள், யானும் என் பெற்றோரும் பாட்டியாரும் எட்டு வயது நிரம்பிய தம்பியும், பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து படகேறிக் குருசடைத் தீவுக்குச் சென்று மீண்டோம். நெய்தல் நிலத்தை ஏட்டின்கண் மட்டுமே கற்றறிந்த எனக்கு அஃதொரு திருநாளாயிற்று. எனினும் ஈண்டு யான் எழுதப் புகுந்தது அத்தீவின் அழகைக் குறித்தன்று. என் தம்பி கைக்கொண்ட ஒரு கல்லைக் குறித்தேயாம்.

எலுமிச்சங்காயளவினதாய், துளைகள் நிறைந்து வெளுத்துக் கிடந்த பவளக்கல் ஒன்றை அவன் கரையிலே கண்டெடுத்துச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டான். படகோட்டி அதனைக் கண்டு, "தம்பி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடு" என்றார். சிறுவன் கண் கலங்கினான். என் தந்தையார், "உயிரற்ற கல்தானே! கரையெங்கும் கிடக்கின்றது. குழந்தை ஒன்றை எடுத்தலால் என்ன குறைந்துவிடும்?" என்றார். அன்று யானும் தந்தையார் பக்கமே நின்றேன். இன்று ஆராய்ந்து பார்க்குங்கால், படகோட்டி கூறியதே சரியெனத் துணிகின்றேன்.

உயிரற்ற கல் பயனற்றதென எண்ணுதல் பிழை. அத்தீவின் வெண்மணல் பெரும்பாலும் பவளமும் சிப்பியும் உடைந்து பொடிந்து ஆனதேயாம். கரையிற் கிடக்கும் கல் நாளைய மணல். நீரினுள் நிற்கும் பாறையோ அலையின் வலியைத் தான் ஏற்றுக் கரையைக் காக்கும் அரண். திரண்டு வளரும் பவளம் ஓராண்டில் ஒரு விரற்கடையளவும் ஏறுவதில்லை. ஆதலின், ஒருவன் ஒரு கணத்தில் எடுப்பதனைக் கடல் மீட்டுத் தருதற்குப் பல்லாண்டு வேண்டும்.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள் உளவென்று நூல்கள் எண்ணும். 1986ஆம் ஆண்டில் அவற்றைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை அகழ்ந்து சென்றதே அதற்குத் தலையாய காரணமென ஆய்ந்தோர் கூறுவர். 2001ஆம் ஆண்டில் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. சட்டம் வந்தது, மூழ்கிய தீவுகள் மீளவில்லை.

அக்கல்லை அகழ்ந்தோர் யாவர்? கரையோரத்து ஏழைகள். அவர்களைப் பழித்தல் எளிது. ஆனால், நாங்கள் திரும்பிவருகையில், அதுகாறும் வாய்திறவாதிருந்த பாட்டியார், "நான் பிறந்த வீட்டுச் சுவர் முழுவதும் இந்தக் கல்தானப்பா" என்றார். அச்சுவரின் குளிர்ச்சியை அவர் எத்தனையோ முறை எங்களுக்குப் புகழ்ந்துரைத்ததுண்டு. அன்று அவர் குரலில் அப்புகழ்ச்சி இல்லை. அகழ்ந்த கையினும், விலை கொடுத்து வாங்கிய கை தூயதன்று. அந்தக் கையின் வழிவந்தவர்களே நாங்கள்.

அவ்வாறாயின் தீவுகளுக்கு ஒருவரும் செல்லாதவாறு அடைத்துவிடுதல் நன்றன்றோ எனச் சிலர் வினவலாம். யான் அதற்கு உடன்படேன். காணாத ஒன்றின்மீது அன்பு பிறத்தல் அரிது. அன்பில்லாதவிடத்துக் காவலும் நெடுநாள் நில்லாது. மக்கள் சிலராய்ச் செல்லட்டும். சிறுவரையும் அழைத்துச் செல்லட்டும். செல்லுங்கால் கொண்டுபோன குப்பையைத் தவறாது திரும்பக் கொணர்க. தீவின் பொருளை ஆங்கே விட்டு வருக. இவ்விரண்டுமே யான் வேண்டுவது.

பழம்புலவர் எண்ணிறந்த பொருளுக்கு மணலை உவமை கூறினர். எண்ணுதற்கு அரியது என்பதனால் அழிதற்கும் அரியதென்று நாம் பொருள்கொண்டோம் போலும்!

என் தம்பி இறுதியில் அக்கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, இருமுறை திரும்பிப் பார்த்தவாறு படகேறினான். அவன் விட்டு வந்தான். தோழர்காள், நம் விடுதி அறைகளின் சாளரங்களிலே வரிசையாக வைக்கப்பட்டுள்ள பவளத்துண்டுகளை யான் நாள்தோறும் காண்கின்றேன். அவற்றுள் ஒன்று, சென்ற ஆண்டு யானே கொணர்ந்தது.