புற்றுநோய்க்கு முந்தின நிலை



வயது முதிர்ந்த தகப்பன்மார் பலர் இரவில் மூன்று நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிக்கச் செல்கிறார்கள். "வயதானால் அப்படித்தான்" என்று நாட்களைக் கடத்துகிறார்கள். மருமகளிடம் சொல்ல இயலாது. மகனிடம் சொல்லவோ கூச்சம். முடிவில் ஒருநாள் மருத்துவமனையில் பயாப்ஸி எடுக்கப்பட்டு, அறிக்கை கைக்கு வருகிறது. அதில் "ஹை கிரேடு பி.ஐ.என்." என்றொரு வரி. புற்றுநோய் என்று எழுதப்படவில்லை. ஒன்றுமில்லை என்றும் எழுதப்படவில்லை. அந்த ஒரு வரியைக் கண்டு குடும்பமே கலங்கிப்போகிறது. இம்மாதம் அதன் பொருளை நிதானமாக ஆராய்ந்து அறிவோம்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மாத்திரமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, அக்ரூட் கொட்டையின் அளவில் அமைந்திருக்கிறது. அமெரிக்க நோயியல் அறிஞர் ஜான் மெக்னீல் இச்சுரப்பிக்குள் தனித்தனி மண்டலங்கள் உண்டு என்பதை விளக்கிக் காட்டினார். வயதின் காரணமாக வரும் சாதாரண வீக்கம், குழாயை ஒட்டிய உட்பகுதியில் உண்டாகிறது. ஆகையால் குழாயை நெருக்கித் தொல்லை கொடுக்கிறது. புற்றுநோயோ, நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பேருக்கு வெளிப்பகுதியில் தொடங்குகிறது. ஆரம்பத்தில் எந்தத் தொல்லையும் தருவதில்லை. எனவே சிறுநீர்த் தொல்லை உள்ளவர்களெல்லாம் புற்றுநோயாளிகள் அல்லர். தொல்லை இல்லாதவர்களெல்லாம் தப்பினவர்களும் அல்லர்.

பி.ஐ.என். என்பது என்ன?

சுரப்பியின் நுண்குழாய்களின் உட்சுவரில் உயிரணுக்கள் இரண்டு அடுக்காக உள்ளன. உள்ளடுக்கு திரவத்தைச் சுரக்கிறது. வெளியடுக்கு அதைச் சுற்றி வேலிபோல நிற்கிறது. முந்தின நிலையில் உள்ளடுக்கின் உயிரணுக்கள் நெருக்கமாகப் பெருகி, அவற்றின் உட்கருக்கள் பருத்து, பார்வைக்குப் புற்றுநோய் அணுக்களைப் போலவே தோன்றுகின்றன. ஆனால் வேலி ஆங்காங்கே சிதைந்திருந்தாலும் இன்னும் நிற்கிறது. அந்த வேலி முற்றிலும் அழிந்து, அணுக்கள் சுற்றியுள்ள திசுவுக்குள் நுழைந்தால் மாத்திரமே அது புற்றுநோய். ஐயம் எழும்போது நோயியல் மருத்துவர் விசேஷச் சாயங்களைப் பயன்படுத்தி, வேலி இருக்கிறதா என்றே தேடுகிறார். 1986ஆம் ஆண்டில் மெக்னீலும் டேவிட் பாஸ்ட்விக்கும் இம்மாற்றத்தை வரையறுத்து எழுதினர். 1989இல் வல்லுநர்கள் கூடி இன்றைய பெயரை ஏற்றுக்கொண்டனர். இம்மாற்றம் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவை உயர்த்துவதில்லை, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

1993இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஆய்வாளர்கள், வேறு காரணங்களால் இறந்த இளவயது ஆண்களின் சுரப்பிகளை ஆராய்ந்தார்கள். முப்பதுகளில் இருந்தவர்களிடமே பி.ஐ.என். காணப்பட்டது. அதுமட்டுமன்று, முப்பதுகளில் இருந்தோரில் 27 விழுக்காட்டினரிடமும், நாற்பதுகளில் இருந்தோரில் 34 விழுக்காட்டினரிடமும் மிகச்சிறிய புற்றுநோய்ப் புள்ளிகள் இருந்தன. ஆனால் அந்த வயதில் இந்நோயால் இறப்போர் மிக அரிது. இதனால் நாம் அறிவது என்ன? இம்மாற்றங்கள் பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்ல நடைபெறுகின்றன. பெரும்பாலானவை நோயாக ஒருபோதும் வெளிப்படுவதில்லை.

அறிக்கை வந்தபின் செய்யவேண்டியவை

1990களில், பி.ஐ.என். கண்டவர்களுக்கு மறுபடியும் பயாப்ஸி செய்தபோது, சில ஆய்வுகளில் பாதிப்பேரிடம் புற்றுநோய் காணப்பட்டது. அக்காலத்தில் ஆறு துணுக்குகள் மட்டுமே எடுத்தபடியால், முதல் முறையிலேயே இருந்த நோய் தவறிப்போயிருந்தது. பத்து, பன்னிரண்டு துணுக்குகள் எடுக்கத் தொடங்கியபின் அந்த அளவு ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர் என்று குறைந்தது. ஒரே இடத்தில் காணப்பட்டால் பெரும்பாலும் பி.எஸ்.ஏ. சோதனையோடு கண்காணிப்பதே போதும். பல இடங்களில் காணப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கவோ, மீண்டும் பயாப்ஸி செய்யவோ மருத்துவர் சொல்லலாம். பி.ஐ.என். நிலைக்கென்று அறுவைச் சிகிச்சையோ கதிர்வீச்சோ தேவையில்லை. கடைகளில் விற்கும் சத்து மாத்திரைகளை நம்பியும் ஏமாறாதிருங்கள். 35,000க்கும் அதிகமான ஆண்களுக்கு செலினியமும் வைட்டமின் ஈ-யும் கொடுத்துச் செய்த ஆராய்ச்சி, பயனில்லை என்று 2008இல் நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ மட்டும் உட்கொண்டோரிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு அதிகம் என்று 2011இல் தெரியவந்தது.

பி.எஸ்.ஏ. எண்ணையும் நிதானித்துப் பாருங்கள். சாதாரண வீக்கத்தினாலும் கிருமித் தொற்றினாலும் அது உயரக்கூடும். அந்த எண் ஓர் எச்சரிக்கையே அன்றித் தீர்ப்பு அன்று. 576 ஆண்களைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பயாப்ஸியைத் தவிர்க்கலாம் என்று காட்டியது.

புற்றுநோயே என்று உறுதியானாலும் ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டியதில்லை. டொனால்ட் கிளீசன் 1966இல் வகுத்த தரப்படுத்தும் முறையே, திருத்தங்களோடு, இன்றும் வழிகாட்டுகிறது. சுரப்பிக்குள் அடங்கிய நோயுள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாக்கிப் பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 2023இல் வெளியான முடிவின்படி, எந்தப் பிரிவிலும் நூற்றுக்கு மூன்று பேர் அளவிலேயே இந்நோயால் இறந்திருந்தனர். ஆயினும் உயர்தரமான, வேகமாய்ப் பரவும் வகையும் உண்டு. எலும்புக்குப் பரவிய பின்பு மருத்துவமனைக்கு வருவோர் நம் தேசத்தில் அநேகர். ஆகவே பதற்றமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்.

அன்பான மகன்களே, மகள்களே! ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் தகப்பனார், இந்த நகரத்து மருத்துவரின் பாஷை புரியாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு வரக்கூடும். அவரோடு நீங்களே உள்ளே செல்லுங்கள். எத்தனை துணுக்குகள் எடுக்கப்பட்டன, எத்தனை இடங்களில் மாற்றம் உள்ளது, புற்றுநோய் என்று ஐயப்படத்தக்க சுரப்பிகள் ஏதேனும் தென்பட்டனவா, அடுத்த சோதனை எப்போது என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எல்லா அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வையுங்கள்; வேலை மாற்றலாகி வேறு நகரம் சென்றாலும் அது உங்களோடு வரட்டும்.

ஐம்பது வயதைக் கடந்த சகோதரர்களே, உங்கள் மருத்துவரோடு இதைக் குறித்துப் பேசுங்கள். தகப்பனுக்கோ உடன்பிறந்தவனுக்கோ இந்நோய் இருந்திருந்தால் நாற்பத்தைந்திலேயே பேசுங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய் அல்ல, சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள். ஒரே மரபணுக் குறை இவற்றுக்குக் காரணமாகலாம். சிறுநீரில் இரத்தம் கண்டாலும், முதுகெலும்பில் ஓயாத வலி இருந்தாலும் ஒருநாளும் தாமதிக்காதிருங்கள்.

கூச்சம் ஒருவரையும் குணமாக்கியதில்லை. இன்று இரவு உணவு வேளையிலாவது உங்கள் தகப்பனாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.