தோல்விக்குக் கைனர் பொறுப்பல்ல

‘தோற்கும் அணியின் நட்சத்திரத்தைக் கொண்டாடுவது ரசிகனின் அறியாமை, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் ரால்ஃப் கைனரே சாட்சி’ என்று வாதிடுகிறார்கள். அதே கைனரை வைத்தே மறுக்கிறேன்.

1952இல் பைரேட்ஸ் 112 ஆட்டங்களில் தோற்றது, வென்றது 42 மட்டுமே. ஆனால் 1946 முதல் 1952 வரை ஏழு ஆண்டுகளும் நேஷனல் லீக்கின் ஹோம் ரன் பட்டியலில் கைனர்தான் முதலிடம். சில ஆண்டுகளில் வேறொருவருடன் பகிர்ந்துகொண்டார், அவ்வளவே. பேஸ்பாலில் ஒன்பது பேர் முறைவைத்து அடிக்கிறார்கள். ஓர் ஆட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பது நான்கைந்து வாய்ப்பு. பந்து வீசுபவர்கள் வாரிக் கொடுக்கும் ரன்களுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

1947இல் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்ட அணியைப் பார்க்க ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்துக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அந்த ஆண்டு கைனர் அடித்தது 51 ஹோம் ரன். தோல்வி நிச்சயமான நாளிலும் அவரது கடைசி முறை முடியும்வரை இருக்கையை விட்டு எழாத கூட்டம் அது. அவர்களுக்கு அணியின் நிலைமை நன்றாகவே தெரியும். ஆட்டத்தின் அருமையும் தெரியும்.

1953 ஜூனில் பொது மேலாளர் பிராஞ்ச் ரிக்கி கைனரைச் சிகாகோ கப்ஸுக்கு அனுப்பினார். அணி தேறியதா? அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் கடைசி இடமே. 1960இல் சாம்பியன் பட்டம் வந்தது உண்மை. அது இளைஞர்களைத் தேடி வளர்த்ததன் பலன், கைனரை விரட்டியதன் பலன் அல்ல.

தோல்விக்குக் கணக்குக் கேட்க வேண்டியது நிர்வாகத்திடம். ரசிகனின் அன்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.