விதை ஊராருடையது, விளைச்சல் யாருக்கு?

பாட்டரித் தொழில் வேண்டாமென்று எந்தத் தொழிலாளியும் சொல்லவில்லை. பணம் யாருடையது, பலன் யாருக்கு என்பதே கேள்வி.

அமெரிக்காவைப் பாருங்கள்! மிச்சிகனில் பாட்டரி ஆலை அமைக்க 'ஏ123 சிஸ்டம்ஸ்' என்ற கம்பெனிக்கு 2009-ல் சர்க்கார் 24 கோடியே 90 லட்சம் டாலர் ஒதுக்கியது. கடனல்ல, தோழர்களே, மானியம்! மக்கள் பெயரில் ஒரு பங்குப் பத்திரம்கூட எழுதி வாங்கவில்லை. சுமார் 13 கோடி டாலர் கரைந்தபின், 2012 அக்டோபரில் கம்பெனி திவால்! சீனத்து வான்சியாங் கம்பெனி ஏலத்தில் எடுத்துக்கொண்டது.

"தொழிலில் சர்க்கார் தலையிடாதே" என்று முழங்கும் கனவான்கள், மானியத்துக்கு மட்டும் கை நீட்டுகிறார்கள்! நம் நாட்டிலும் பாட்டரி உற்பத்திக்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் 2021-ல் வந்தது.

விதைநெல் ஊராருடையது, களத்து மரக்கால் மட்டும் பண்ணையார் கையிலா? பொதுப்பணம் போகும் ஆலையில் பொதுமக்களுக்குப் பங்கு வேண்டும்!