வெறும் வயிறும் 70 வளைவும்

உங்க கிளாஸ்ல கொல்லிமலைக்காரங்க யாராவது இருக்காங்களா? இருந்தா, இந்த வார மேட்டர் முதல்ல அவங்களுக்குத்தான். மத்தவங்களும் தப்பிக்க முடியாது பாஸ். அம்மாயிக்கு வயித்து வலி, அத்தைக்கு ஸ்கேன்னு எதுவானாலும் துணைக்கு அனுப்பப்படும் ஜீவன் காலேஜ் படிக்கிற நீங்கதான். 'இங்கிலீஷ் தெரியும்ல, கூடப் போயிட்டு வா!'

டவுனில் இருப்பவர்களிடம் "சாப்பிட்டுட்டீங்களா? அப்ப நாளைக்கு வாங்க" என்றால், ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். செம்மேட்டில் இருந்து நாமக்கல்லுக்கு இறங்கி வருபவருக்கு அது சுமார் 55 கிலோமீட்டர். காரவள்ளி அடிவாரத்துக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவு வேற. திரும்பி வரச் சொன்னால், நோயாளிக்கும் துணைக்கு வந்தவருக்கும் இன்னொரு நாள் கூலி போச்சு. ஸோ, மலை இறங்குறதுக்கு முந்தின நாளே சீட்டைப் படிங்க. எந்த உறுப்புக்கு ஸ்கேன், சாப்பிடலாமா, யூரினை அடக்கணுமா? புரியலைன்னா ஸ்கேன் சென்டருக்கே போன் போட்டுக் கேளுங்க.

கல்லீரல், பித்தப்பை பார்க்கணும்னா பொதுவா 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடக் கூடாது. காரணம் சிம்பிள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கிய பையில் கல் இருந்தால் சரியாகத் தெரியாது. டீ, பால்கூட வேண்டாம். பச்சைத் தண்ணி பெரும்பாலும் ஓகே. ஆனா சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்களைப் பட்டினியா பஸ் ஏத்தாதீங்க. எந்த மருந்தை எப்ப எடுக்கணும்னு டாக்டரிடம் கேட்டு, காலையில் முதல் ஆளாகப் பார்க்கும்படி நேரம் வாங்கிடுங்க.

கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை ஸ்கேன் என்றால் நேர் எதிர். வயிறு முட்டத் தண்ணி குடிக்கணும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலைத் தள்ளிவிட்டு, ஒலி உள்ளே போக ஜன்னல் மாதிரி வழி விடும். இதுல ஒரு முக்கியமான விஷயம்: அந்தத் தண்ணியை மலை மேலேயே குடிச்சுட்டு பஸ் ஏறிடாதீங்க! 70 வளைவு யாருக்கும் கருணை காட்டாது. ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால், கீழே வந்த பிறகு குடித்தால் போதும்.

உள்ளே என்ன நடக்கும்? படுக்கவைத்து, சில்லென்று ஜெல்லி தடவி, ஒரு கருவியை அழுத்தி நகர்த்துவார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பார்கள். ஊசி கிடையாது. 'கரண்ட் உடம்புல பாயும்'னு அம்மாயி பயந்தால் சொல்லுங்க, அது வெறும் ஒலி. எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சும் இல்லை. இடையில் காற்று இருந்தால் ஒலி திரும்பிடும், அதுக்குத்தான் ஜெல்லி. மெக்கானிக்கல் பசங்களுக்கு இது தெரிஞ்ச கதை. வெல்டிங்ல விரிசல் தேடுற அதே டெக்னிக்தான். கிளாஸ்கோ டாக்டர் இயன் டொனால்ட் 1955-ல் முதலில் சோதித்துப் பார்த்ததே ஒரு பாய்லர் கம்பெனியின் விரிசல் பார்க்கும் மெஷினில்தான்.

பெண்களுக்குச் சில நேரம் பிறப்புறுப்பு வழியாக உள்ளே கருவி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்கணும். முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கித்தான் செய்யணும். ஒரு பெண் ஊழியர் கூட இருக்கணும்னு கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கர்ப்பிணிக்குத் துணையாகப் போனால் பட்டினி போடாதீங்க, தேவையில்லை. அதே மாதிரி 'ஆணா, பொண்ணா?'ன்னு வாயைத் திறக்காதீங்க. 1994-ம் வருடச் சட்டப்படி சொல்வதும் குற்றம், ஜாடையில் காட்டுவதும் குற்றம், அதுக்காக ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்பவருக்கும் சிறை உண்டு. இந்தப் பக்கத்துக்கு இது பழைய காயம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க, தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அப்போ நாமக்கல்லும், கொல்லிமலையும் அந்த மாவட்டம்தான். வீட்டுப் பெருசு யாராவது 'சும்மா கேட்டுப் பாரு'ன்னு சொல்லி அனுப்பினால், காதில் வாங்காம விட்டுருங்க.

படம் எடுத்தவர் எல்லாத்தையும் அங்கேயே விளக்குவார்னு எதிர்பார்க்காதீங்க. ரிப்போர்ட்டை வாங்கி, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அன்றைக்கே காட்ட முடியுமான்னு கேளுங்க. இன்னொரு தடவை இறங்கும் வேலை மிச்சம். பழைய ரிப்போர்ட் இருந்தா அதையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க. ஜெல்லியைத் துடைச்சதும் நேரா இட்லிக் கடை. ரெண்டு இட்லியோட நிறுத்தச் சொல்லுங்க, திரும்ப ஏறவும் அதே 70 வளைவுதான்!